சித்ரா இதய வால்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனையில் பயோமெடிக்கல் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். பயிற்சிக்கு வரும் பி.இ. மாணவர்கள் ஒரு பக்கம், வால்வு ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நோயாளிகளின் வீட்டார் இன்னொரு பக்கம். கெட்டுப்போன இதய வால்வுக்குப் பதிலாக வைக்கும், இந்தியாவிலேயே உருவான சித்ரா செயற்கை வால்வைப் பற்றி இரண்டு தரப்பிலும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வராந்தாவில் நின்றபடி அரைகுறையாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

சித்ரா என்பது மருத்துவமனையா, பல்கலைக்கழகமா, ஆராய்ச்சிக்கூடமா?

மூன்றும்தான். முழுப்பெயர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், இருப்பது திருவனந்தபுரத்தில். திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-ல் கொடுத்த கட்டடத்தில் தொடங்கியது. 1980-ல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. பல்கலைக்கழகத்துக்கு உரிய தகுதி இருப்பதால் பட்டமும் அவர்களே தருகிறார்கள்.

இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது, மருத்துவமனையும் பொறியியல் ஆய்வும் ஒரே கூரையின் கீழ் வந்ததைத்தான். சொல்லப்போனால் இரண்டு கூரைகள். நோயாளிகள் இருப்பது நகரத்தில். பயோமெடிக்கல் பிரிவு இயங்குவது பூஜப்புரையில், சாட்டல்மண்ட் அரண்மனை வளாகத்தில். அறுவை மருத்துவருக்கு ஒரு பொருள் பிடிக்கவில்லையென்றால் அதைச் செய்த ஆளிடமே அன்றைக்கே போய்ச் சொல்லலாம். எழுபதுகளில் இந்தியாவில் வேறெங்கும் இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது.

வால்வு ஏன் கெட்டுப்போகிறது? வயதானவர்களுக்கு வரும் நோயா?

நம் ஊரில் பெரும்பாலும் இளவயதிலேயே வருகிறது. தொடக்கம் ஒரு சாதாரணத் தொண்டை வலி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையில் தொற்றும்போது, அதை எதிர்க்கக் கிளம்பும் உடலின் எதிர்ப்புச் சக்தி சில குழந்தைகளுக்கு மூட்டையும் இதய வால்வையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். வருடங்கள் போகப்போக வால்வின் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, வாசல் குறுகிவிடும். இடதுபக்கத்து மைட்ரல் வால்வுதான் அதிகம் மாட்டிக்கொள்கிறது.

பல பெண்களுக்கு இது முதல் பிரசவத்தின்போதுதான் தெரியவருகிறது. கர்ப்பத்தில் இரத்த ஓட்டம் கூடும். குறுகிய வால்வால் தாங்க முடியாது. மூச்சுத் திணறலோடு வந்து சேர்வார்கள். சின்ன வயதில் மூட்டு வீக்கமும் காய்ச்சலும் வந்ததா என்று கேட்டால் அம்மா யோசித்துவிட்டு, "ஆமா, ஏழாவது படிக்கிறப்ப ஒரு மாசம் நடக்க முடியாம கிடந்தா" என்பார். அன்றைக்கே கண்டுபிடித்து மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டு வந்திருந்தால் வால்வைக் காப்பாற்றியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும். இத்தனை நுட்பமாக ஒரு வால்வைச் செய்ய வேண்டியிருப்பதற்குக் காரணமே, அந்த மலிவான ஊசி வேளைக்குக் கிடைக்காமல் போனதுதான்.

வெளிநாட்டு வால்வு அப்போதே இருந்ததே. நாமே ஏன் செய்ய வேண்டும்?

விலை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எல்லா வால்வும் இறக்குமதிதான். விவசாயக் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அந்த விலை எட்டவே எட்டாது. ஆபரேஷன் செய்யத் தெரிந்த மருத்துவர் இருப்பார், தியேட்டர் இருக்கும், வால்வு வாங்கப் பணம் இருக்காது.

அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான். நாமே வால்வு செய்வோம் என்று அவர் முடிவெடுத்தபோது அதற்கான தொழில் இங்கே எதுவும் இல்லை. உடலுக்குள் வைக்கும் தரமுள்ள உலோகம், அதை மைக்ரான் கணக்கில் கடையும் ஆட்கள், சோதிக்கும் கருவி என எல்லாமே புதிதாக உருவாக வேண்டியிருந்தது. பொறியாளர் ஜி. எஸ். புவனேஷ்வரின் குழு அந்த வேலையைத் தோளில் ஏற்றுக்கொண்டது. சோதிக்கும் கருவியைக்கூட அவர்களே கட்டினார்கள்.

அந்த வால்வு பார்க்க எப்படி இருக்கும்?

மாணவர்களிடம் மாதிரி வால்வைக் கையில் கொடுத்துத்தான் இதை விளக்குவேன். இல்லாதவர்கள் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். மைட்ரல் இடத்தில் வைக்கும் வால்வுகளில் அந்த அளவு சகஜம்.

வெளியே ஓர் உலோக வளையம். அதைச் சுற்றி வெள்ளைப் பாலியெஸ்டர் துணியால் ஆன பட்டை. மருத்துவர் ஊசி போட்டுத் தைப்பது அதில்தான். வளையத்துக்குள் பால்வெள்ளை நிறத்தில் ஒரு வட்டத் தட்டு. கீல் எதுவும் கிடையாது. வளையத்திலிருந்து உள்ளே நீளும் இரண்டு வளைந்த உலோகத் தாங்கிகளுக்கு நடுவே தட்டு சும்மா மிதந்துகொண்டிருக்கும். கையைச் சாய்த்தால் தட்டு 70 டிகிரி வரை திறக்கும், திரும்பச் சாய்த்தால் மூடும். நன்றாகக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். திறந்து மூடும்போதே தட்டு தன்னைத்தானே கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொள்ளும். அதனால் ஒரே இடத்தில் உராயாமல் தேய்மானம் சுற்றுவட்டம் முழுவதும் பரவிவிடுகிறது. நான் முதன்முதலில் கையில் வாங்கியபோது இதைக் கண்டு அரைமணி நேரம் அதை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இது நான்காவது மாதிரி என்கிறார்களே. முதல் மூன்றுக்கு என்ன ஆனது?

மூன்றும் கைவிடப்பட்டன. என்னைக் கேட்டால் சித்ராவின் சாதனையே இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்தால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம், ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 3 கோடியே 70 லட்சம். பத்து வருடத்துக்கு 37 கோடி முறை அந்தத் தட்டு திறந்து மூட வேண்டும். ஒருமுறைகூட மக்கர் பண்ணக் கூடாது. அதனால் வால்வை ஒரு திரவத் தொட்டியில் மாட்டி, இதயத்தைவிடப் பல மடங்கு வேகத்தில், மாதக்கணக்கில் இரவும் பகலும் ஓட்டிப் பார்ப்பார்கள்.

ஆரம்ப மாதிரிகளில் ஒன்றில் உலோகத் தாங்கியை வளையத்தோடு பற்றவைத்திருந்தார்கள். அந்தப் பற்றவைத்த இடம் உடைந்தது. பற்றவைக்கும் சூட்டில் உலோகம் அந்த இடத்தில் நொறுங்கும் தன்மையை அடைந்துவிடுகிறது. கோடிக்கணக்கான அடிகளுக்குப் பிறகு அங்கேதான் விரிசல் கிளம்பும். அதன் பிறகு தட்டுக்குச் செயற்கை நீலக்கல்லை எடுத்தார்கள். வைரத்துக்கு அடுத்தபடி கடினமான பொருள்களில் ஒன்று, தேய்மானமே தெரியாது. சோதனைக் கருவியில் நன்றாக ஓடியது. நம்பிக்கையோடு செம்மறி ஆடுகளுக்குப் பொருத்தினார்கள். ஆடுகள் பிழைத்து, மேய்ந்து, நன்றாக இருந்தன. சில மாதங்கள் கழித்து ஓர் ஆடு இறந்துபோனது. திறந்து பார்த்தால் நீலக்கல் தட்டு உடைந்திருந்தது.

அந்த இடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஒவ்வொரு மாணவனுக்கும் சொல்லிவிடுவேன். ஓர் ஆடுதானே, மற்றவை உயிரோடு இருக்கின்றனவே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு தட்டு உடைய முடியும் என்றால் மனிதனுக்குள்ளும் உடையும். அத்தோடு அந்த மாதிரியை நிறுத்திவிட்டார்கள். பல வருட உழைப்பு அப்படியே போனது. இத்தனைக்கும் இது பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு. வெளியே கேள்வி கேட்பவர்களுக்குக் குறைவிருந்திருக்காது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் வெளிநாட்டில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பியார்க்-ஷைலி என்ற பிரபல வால்வின் ஒரு வகையில் பற்றவைத்த தாங்கி உடைந்து, நோயாளிகள் பலர் இறந்தார்கள். அது 80,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்ட பிறகு, 1986-ல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. இங்கே அதே பலவீனம் சோதனைக்கூடத்தோடு நின்றுவிட்டது.

நான்காவதில் என்ன மாற்றினார்கள்?

இரண்டு விஷயம். உலோகத்தைப் பற்றவைப்பதை விட்டுவிட்டு, வளையம், தாங்கி இரண்டையும் ஒரே கட்டியிலிருந்து கடைந்து எடுத்தார்கள். அந்த உலோகம் ஹெய்ன்ஸ்-25, கோபால்ட்டும் குரோமியமும் கலந்தது, ஜெட் இன்ஜின்களில் பயன்படும் ரகம். ஒட்டுப்போட்ட இடமே இல்லையென்றால் அங்கே உடையவும் வழியில்லை.

தட்டுக்கு எடுத்தது பாலிஎத்திலீன்.

பாலிஎத்திலீனா? பிளாஸ்டிக் பை செய்கிற பொருள்தானே?

குடும்பம் அதுதான், ரகம் வேறு. இதன் மூலக்கூறு சங்கிலிகள் மிக மிக நீளமானவை. அதனால்தான் பையைப் போலக் கிழியாமல் அபாரமாக உழைக்கிறது. மாற்று இடுப்பு மூட்டில் 1960-களிலிருந்தே இதைப் பயன்படுத்துகிறார்கள். முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட உங்கள் தாத்தாவின் காலிலும் இருப்பது இந்த வகைப் பாலிஎத்திலீன்தான்.

நீலக்கல்லுக்குப் பிறகு இதற்கு வந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. கடினமானது உடைந்தது, மெத்தென்று அடியை வாங்கிக்கொள்வது நிலைத்தது. தட்டு மூடும்போது ஏற்படும் அதிர்ச்சியைப் பிளாஸ்டிக் உள்வாங்கிக்கொள்கிறது. வளையத்துக்கும் அடி குறைவு, இரத்த அணுக்களுக்கும் அடி குறைவு.

ஏன் செம்மறி ஆடு?

அதன் இதயம் அளவில் மனித இதயத்துக்குப் பக்கத்தில் வரும். வெளியிலிருந்து வைக்கும் பொருளின் மேல் கால்சியம் படிவதும் ஆட்டுக்குச் சீக்கிரம் நடக்கும், எனவே கோளாறு இருந்தால் வேகமாகத் தெரிந்துவிடும்.

முதலில் மனிதருக்குப் பொருத்தியது எப்போது?

1990 டிசம்பர் 6, சித்ரா மருத்துவமனையிலேயே. அதன் பிறகும் உடனே கடைக்கு அனுப்பிவிடவில்லை. ஆறு மையங்களில் 306 நோயாளிகளுக்குப் பொருத்தி, ஒவ்வொருவரையும் தொடர்ந்து கவனித்தார்கள். 205 பேருக்கு மைட்ரல் இடத்தில், 101 பேருக்கு மகாதமனியின் வாசலில் இருக்கும் அயோர்ட்டிக் வால்வின் இடத்தில். ஆரம்பக் கட்டத்திலிருந்து கணக்கிட்டால் பத்து வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டது. பயோமெடிக்கலில் ஒரு புராஜெக்ட் என்றால் இதுதான் நியாயமான கால அளவு என்று மாணவர்களிடம் சொல்வேன். ஆறாவது செமஸ்டரில் ஆரம்பித்து எட்டாவதில் முடிவதெல்லாம் பயிற்சிதான்.

தொழிற்சாலை யாருடையது?

சென்னையைச் சேர்ந்த டிடிகே குழுமத்துடையது. ஆம், பிரெஸ்டிஜ் குக்கர் செய்யும் அதே குழுமம்தான். தொழில்நுட்பத்தைச் சித்ராவிடமிருந்து வாங்கி, திருவனந்தபுரத்திலேயே ஆலை வைத்து, தொண்ணூறுகளின் நடுவிலிருந்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் பெட்டியில் "டிடிகே சித்ரா" என்று இருக்கும். விலை இறக்குமதி வால்வின் விலையில் பாதிக்கும் குறைவு. இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது.

இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆய்வகத்தில் பத்து வால்வு செய்பவரிடம் பத்தையும் பொறுமையாகச் சரிபார்க்க நேரம் இருக்கும். ஆலையில் ஆயிரமாவது வால்வும் முதல் வால்வும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். நல்ல ஆய்வுகள் நிறைய இந்த இடைவெளியில்தான் விழுந்து காணாமல் போகின்றன.

இப்போது எல்லாரும் இரண்டு இதழ் கார்பன் வால்வு வைக்கிறார்களே. சித்ரா பழையதாகிவிடவில்லையா?

இரண்டு அரைவட்ட இதழ் கொண்ட வால்வுகள் உலகெங்கும் அதிகம் பயன்படுவது உண்மை. இரத்தம் நடுவழியே சீராகப் போகும் என்பது அவற்றின் பலம். சித்ரா ஒற்றைத் தட்டு வகை; வடிவமைப்பில் முந்தைய தலைமுறைதான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் நோயாளிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, உலோகத் தாங்கி உடைகிற பயம் இல்லை. உங்களுக்கு எது சரி என்பதை உங்கள் அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வால்வின் அளவு, இதயத்தின் நிலை, வயது எல்லாம் பார்த்து எடுக்கும் முடிவு அது. "விலை குறைவு, அதனால் தரம் குறைவாக இருக்கும்" என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். காப்பீட்டுத் திட்டத்தில் சித்ரா வால்வு வைக்கிறார்கள் என்றதும் சொந்தக்காரர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே வலிக்கும்.

வால்வு சத்தம் போடுமா?

எந்த உலோக, கார்பன் வால்வும் மூடும்போது ஒரு சத்தம் எழுப்பும். கார்பன் வால்வு வைத்த சிலருக்கு இராத்திரி அமைதியில் கைக்கடிகாரம் போல டிக் டிக் என்று கேட்கும். சித்ராவில் பிளாஸ்டிக் தட்டு உலோகத்தில் உட்காருவதால் சத்தம் தணிந்துவிடுகிறது.

எங்கள் பெரியம்மாவுக்குச் சித்ரா வால்வுதான். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில் பேரப்பிள்ளைகள் வரிசையாக நின்று அவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்பார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டால், துணிக்கு அடியில் யாரோ மெதுவாகத் தட்டுவது போல ஒன்று வரும். அந்தச் சத்தம் நின்று போகிற மாதிரி கேட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். வழக்கமாகக் கேட்கும் சத்தம் மங்கினாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, வால்வில் இரத்தம் உறைந்து தட்டு சிக்கியிருக்கலாம். காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

வால்வைத் தவிர சித்ரா வேறு என்ன செய்திருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்தது இரத்தப் பை. முன்பு இரத்தத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்தார்கள். உடையும், கழுவித் திரும்பப் பயன்படுத்தினால் தொற்று வரும். பிளாஸ்டிக் பையில் எடுத்தால் அதை அப்படியே சுழற்றிச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்து, ஒருவர் கொடுத்த இரத்தத்தை இரண்டு மூன்று பேருக்குக் கொடுக்கலாம். சித்ராவின் தொழில்நுட்பத்தை வாங்கி எண்பதுகளில் திருவனந்தபுரத்தில் பென்பால் என்ற நிறுவனம் இந்தப் பையைச் செய்யத் தொடங்கியது. அதுவே இன்றைய டெருமோ பென்பால், உலகின் பெரிய இரத்தப் பை உற்பத்தியாளர்களில் ஒன்று. டெங்கு காலத்தில் தட்டணுப் பை தேடி அலைந்தவர்களுக்கு அந்தப் பையின் அருமை தெரியும்.

அப்புறம், மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய், எலும்பு இழந்த இடத்தை நிரப்பும் பீங்கான் பொருள், பல் அடைக்கும் கலவை என்று பட்டியல் நீளும்.

ஆராய்ச்சித் துறையை எதை வைத்து எடைபோடுவது? கட்டுரை எண்ணிக்கையா, காப்புரிமையா?

கல்லூரி தேடும் மாணவர்கள் கேட்பது இது. கட்டுரை வேண்டும், காப்புரிமையும் வேண்டும். ஆனால் நீங்கள் ஒரு துறைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் கருவி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? அதை யார் தயாரிக்கிறார்கள்? எது சரிவரவில்லை என்று கைவிட்டீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் பேராசிரியர் கிடைத்தால் அவரிடமே சேர்ந்துவிடுங்கள்.

சித்ராவும், சென்னை ஐஐடியும், வேலூர் சிஎம்சியும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக். நடத்துகின்றன. மூன்று இடத்திலும் படிக்கக் கிடைப்பது பெரிய வாய்ப்பு.

வலியத்தான் இப்போது எங்கே இருக்கிறார்?

2024 ஜூலையில் மணிப்பாலில் காலமானார். 1934-ல் மாவேலிக்கரையில் பிறந்தவர். சித்ராவை விட்டபின் மணிப்பால் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 2005-ல் பத்மவிபூஷண் கிடைத்தது.

வால்வு வைத்தாகிவிட்டது. மாத்திரை எத்தனை நாளைக்கு?

ஆயுள் முழுக்க. செயற்கை வால்வின் மேல் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாதிரி மாத்திரை தினமும் வேண்டும். அளவு சரியா என்று, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையில் தெரியும். மைட்ரல் வால்வு என்றால் பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் வைப்பார்கள். உங்களுக்கான எண்ணை மருத்துவர் எழுதித் தருவார். குறைந்தால் உறையும், கூடினால் இரத்தம் கசியும்.

கீரை சாப்பிடலாமா என்பதுதான் எல்லார் கேள்வியும். சாப்பிடலாம். கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைக்கும், அதனால் அளவு சீராக இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு அடுத்த வாரம் தினமும் முருங்கைக்கீரை என்று போனால்தான் ஐஎன்ஆர் தாறுமாறாகும். மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் நாட்டு மருந்தும் வேண்டவே வேண்டாம்.

கல்யாணமாகாத பெண்ணுக்கு வைக்கலாமா? குழந்தை பெறலாமா?

வைக்கும் முன்பே மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டிய விஷயம் இது. வார்ஃபரின் கருவுக்குள் போகும், முதல் மூன்று மாதத்தில் கருவைப் பாதிக்கலாம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே இதய மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பார்த்தால், எந்த மாதம் எந்த மருந்து என்று மாற்றித் திட்டம் போடுவார்கள். பயந்துகொண்டு தானாக மாத்திரையை நிறுத்துவதுதான் மிக ஆபத்து. நிறுத்திய சில நாட்களிலேயே வால்வு அடைத்துக்கொண்டவர்கள் உண்டு. பெண்ணிடம் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மாமியார் வழியாகவோ புருஷன் வழியாகவோ சொல்லி அனுப்பாதீர்கள். நேரடியாக அவளிடமே சொல்லுங்கள்.

பல் பிடுங்க வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டுமா?

கட்டாயம். நாற்காலியில் உட்காரும் முன்பே பல் மருத்துவரிடம் வால்வு அட்டையைக் காட்டுங்கள். பல் வேலையின்போது வாயிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்து வால்வில் போய் உட்காரும் அபாயம் இருப்பதால், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தருவார். ஐஎன்ஆரும் பார்ப்பார். அட்டையில் வால்வின் பெயர், அளவு, வரிசை எண் இருக்கும். பர்ஸில் ஒரு பிரதி, வீட்டில் ஒன்று, போனில் ஒரு படம். பெரியம்மா தன் அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார். கேட்டால் நொடியில் எடுத்து நீட்டுவார்.